பன்னேர்கட்டா: சுருங்கிய பாதுகாப்பு வளையம், வளரும் பெங்களூருவுக்கும் மீள வேண்டிய காட்டுக்கும் நடுவே 100 சதுர கிலோமீட்டர்

காக்ஸ் டவுன் (பெங்களூரு): பெங்களூரு மாநகரின் தென்விளிம்பில் உள்ள பன்னேர்கட்டா தேசியப் பூங்காவைச் சுற்றி 268.96 சதுர கிலோமீட்டர் நிலத்தைச் சூழல் உணர்திறன் மண்டலமாக அறிவிக்க மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2016-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வரைவு அறிவிக்கை வெளியிட்டது. இறுதி அறிவிக்கை 2020 மார்ச் மாதம் வெளிவந்தபோது அந்தப் பரப்பு 168.84 சதுர கிலோமீட்டராகச் சுருங்கியிருந்தது. இரண்டு எண்களுக்கும் இடையே விடுபட்டுப்போன சுமார் 100 சதுர கிலோமீட்டர் நிலத்தைப் பற்றிய விவாதம் இன்றளவும் ஓயவில்லை.

இது கர்நாடகத்தின் உள்விவகாரமாகத் தோன்றலாம். ஆனால் பன்னேர்கட்டா காட்டின் தெற்கு எல்லை தமிழகத்தின் கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளோடு சேர்கிறது. அங்கிருந்து புறப்படும் யானைக் கூட்டம் தளி, ஜவளகிரி வழியாகத் தேன்கனிக்கோட்டைக்கும் ஓசூருக்கும் வருகிறது. பெங்களூரு பக்கம் ஒரு மலையடிவாரம் வீட்டுமனையாக மாறினால், அதன் விளைவைத் தமிழகத்தில் ராகி பயிரிட்ட விவசாயி சுமக்க நேரிடலாம். வளர்ச்சிக்கும் இயற்கை மீட்சிக்கும் இடையிலான சமநிலை என்று மேடைகளில் பேசப்படும் சொற்றொடர், நிலத்தில் என்ன பொருள் தருகிறது என்பதை அறிய இந்தப் பூங்காவைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தென்னிந்தியாவில் அரிது.

நகரத்தின் வாசலில் ஒரு காடு

காக்ஸ் டவுன், பிரேசர் டவுன், அல்சூர் போன்ற பழைய கண்டோன்மென்ட் பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பன்னேர்கட்டா என்றால் விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் உயிரியல் பூங்காதான் நினைவுக்கு வரும். கூண்டுகளும், சஃபாரி வாகனங்களும், 2006-இல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் கொண்ட அந்தப் பகுதி 2002-இல் தனி நிர்வாகமாகப் பிரிக்கப்பட்டது. அதற்கு அப்பால் விரிந்து கிடக்கும் காடே தேசியப் பூங்கா. 1974-இல் சுமார் 104 சதுர கிலோமீட்டர் பரப்புடன் அறிவிக்கப்பட்ட அது, பின்னர் விரிவாக்கப்பட்டு 260.51 சதுர கிலோமீட்டராக உள்ளது. காட்டு யானை, சிறுத்தை, கரடி, காட்டெருது, செந்நாய் ஆகியவை இங்கு வாழ்கின்றன. ஒரு கோடி மக்களுக்கு மேல் வாழும் மாநகரின் நடுப்பகுதியிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் காட்டு யானைகள் நடமாடுவது உலக அளவிலேயே அபூர்வமான நிலை.

பூங்காவின் முக்கியத்துவம் அதன் பரப்பளவில் மட்டும் இல்லை. அது ஒரு நீண்ட காட்டுத் தொடரின் வடமுனை. தெற்கே கர்நாடகத்தின் காவிரி வனவிலங்கு சரணாலயம், தமிழகத்தில் 2014-இல் அறிவிக்கப்பட்ட 504.33 சதுர கிலோமீட்டர் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம், 2022-இல் அறிவிக்கப்பட்ட 686.406 சதுர கிலோமீட்டர் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம், மாதேஸ்வரன் மலை, பிலிகிரிரங்கன் மலை, சத்தியமங்கலம் என அந்தத் தொடர் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் மேற்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கிறது. மரபணு முறையில் நடத்தப்பட்டு 2025 அக்டோபரில் வெளியிடப்பட்ட கணக்கெடுப்பின்படி நாட்டில் உள்ள காட்டு யானைகள் 22,446. அவற்றுள் கர்நாடகத்தில் 6,013, தமிழகத்தில் 3,136. அதாவது இந்தியாவின் ஐந்து யானைகளில் இரண்டு இவ்விரு மாநிலங்களில் உள்ளன. யானைகளுக்கு மாநில எல்லை தெரியாது என்பது சொல்லிச் சலித்த வாக்கியம். ஆனால் எல்லைக்கு இருபுறமும் தனித்தனியே திட்டம் தீட்டும் அலுவலகங்களுக்கு அது இன்னும் முழுமையாக எட்டியதாகத் தெரியவில்லை.

நீர் வழியிலும் ஓர் உறவு உண்டு. பூங்காவின் ஊடாக ஓடி விலங்குகளுக்கு நீராதாரமாக விளங்கும் சுவர்ணமுகி ஓடை, அர்க்காவதி ஆற்றின் வடிநிலத்தைச் சேர்ந்தது. அர்க்காவதி, சங்கமா என்னுமிடத்தில் காவிரியில் கலக்கிறது. அங்கிருந்து அந்த நீர் செல்லும் திசையைத் தமிழ் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சூழல் உணர்திறன் மண்டலம் என்பது என்ன?

தேசியப் பூங்காவோ சரணாலயமோ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. அதைச் சுற்றியுள்ள மண்டலம், 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசால் அறிவிக்கப்படுவது. இந்த வேறுபாடு முக்கியமானது. மண்டலத்தில் உள்ள நிலம் காடாக மாறிவிடுவதில்லை. பட்டா நிலம் பட்டா நிலமாகவே இருக்கும். விவசாயி உழலாம், அறுக்கலாம், தன் குடும்பத்துக்கு வீடு கட்டலாம். யாரும் வெளியேற்றப்பட மாட்டார்கள்.

தடைசெய்யப்படுபவை வேறு. வணிக நோக்கிலான கனிமச் சுரங்கம், கற்குவாரி, கல் உடைக்கும் ஆலை, மாசு உண்டாக்கும் தொழிற்சாலை, புதிய மர அறுவை ஆலை ஆகியவற்றுக்கு இடமில்லை. மரம் வெட்டுதல், சாலை அகலப்படுத்துதல், இரவு நேரப் போக்குவரத்து, வணிக நோக்கில் நிலத்தடி நீர் எடுத்தல் போன்றவை ஒழுங்குபடுத்தப்படும். மழைநீர் சேகரிப்பு, இயற்கை வேளாண்மை, குடிசைத் தொழில் ஆகியவை ஊக்குவிக்கப்படும். மாநில அரசு உள்ளூர் மக்களைக் கலந்து, வழக்கமாக இரண்டு ஆண்டுகளுக்குள், மண்டலத்துக்கெனத் தனி பெருந்திட்டம் ஒன்றைத் தயாரிக்க வேண்டும். காட்டுக்கும் நகரத்துக்கும் இடையே ஓர் அதிர்ச்சி தாங்கியாக இந்த நிலம் இருக்க வேண்டும் என்பதே அடிப்படைக் கருத்து.

அந்த அதிர்ச்சி தாங்கி எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்பதில்தான் சிக்கல். 2016 வரைவில் மண்டலத்தின் அகலம் 100 மீட்டர் முதல் 4.5 கிலோமீட்டர் வரை இருந்தது. 2020 இறுதி அறிவிக்கையில் அது 100 மீட்டர் முதல் ஒரு கிலோமீட்டர் வரை மட்டுமே. குறைக்கப்பட்டது மொத்தத்தில் 37 விழுக்காடு.

இங்கே பூங்காவின் வடிவத்தையும் கவனத்தில் கொள்ள வேண்டும். 260 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காடு முழு வட்டமாக இருந்தால் அதன் சுற்றளவு ஏறத்தாழ 57 கிலோமீட்டர். அதே பரப்பு 52 கிலோமீட்டர் நீளமும் 5 கிலோமீட்டர் அகலமும் கொண்ட பட்டையாக இருந்தால் சுற்றளவு 114 கிலோமீட்டர். பரப்பு ஒன்றே, வெளியுலகத்தோடு உரசும் விளிம்பு இரண்டு மடங்கு. பன்னேர்கட்டா ஒழுங்கற்ற வடிவில், சில இடங்களில் மிகக் குறுகி, கிராமங்களும் வயல்களும் உள்ளே துருத்திக்கொண்டிருக்கும் காடு. இத்தகைய காட்டில் நடுப்பகுதி என்று சொல்லத்தக்க அமைதியான இடம் குறைவு, பெரும்பகுதி விளிம்புதான். எனவே சுற்றியுள்ள நிலத்தில் நடப்பது, உருண்டை வடிவக் காட்டைக் காட்டிலும் இங்கு அதிகமாக உள்ளே எதிரொலிக்கும்.

ஏன் குறைக்கப்பட்டது?

2016 வரைவு உரிய காலக்கெடுவுக்குள் இறுதி செய்யப்படவில்லை. அதன் பிறகு கர்நாடக அரசு அனுப்பிய திருத்தப்பட்ட முன்மொழிவின் அடிப்படையில் 2018 அக்டோபரில் இரண்டாவது வரைவு வெளியானது. குறைந்த பரப்பு அதிலேயே இடம்பெற்றது. குடியிருப்போர் அமைப்புகளும் சூழலியல் ஆர்வலர்களும் ஆட்சேபம் தெரிவித்தனர். இருப்பினும் அதே பரப்பு இறுதியானது.

குறைப்பை ஆதரித்தவர்களின் வாதத்தை எளிதாகப் புறந்தள்ள முடியாது. 2001-இல் 65 லட்சமாக இருந்த பெங்களூரு நகர மாவட்ட மக்கள்தொகை 2011-இல் 96 லட்சத்தைத் தாண்டியது. பத்தே ஆண்டுகளில் 47 விழுக்காடு உயர்வு. அந்த வளர்ச்சியில் பெரும்பங்கு எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா, ஜிகணி, ஆனேக்கல் என நகரின் தெற்கிலும் தென்கிழக்கிலும் நிகழ்ந்தது. வேலை இருக்கும் இடத்துக்கு அருகே வீடு தேடி வருவோர் பெரும்பாலும் நடுத்தர வருவாய்க் குடும்பத்தினர். நகரின் நடுவே, காக்ஸ் டவுன் போன்ற இடங்களில், மனை வாங்க இயலாதவர்களே விளிம்பை நோக்கிச் செல்கின்றனர். மண்டலத்துக்குள் நிலம் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கும் ஒரு நியாயம் உண்டு. பக்கத்து ஊரில் ஏக்கர் விலை பல மடங்கு உயர்ந்திருக்க, வரைபடத்தில் வரையப்பட்ட ஒரு கோடு தன் நிலத்தின் விலையை மட்டும் முடக்குகிறது என்று அவர் கருதினால் அதைத் தவறென்று சொல்ல முடியாது.

ஆனால் விடுபட்ட நிலத்தால் பயன் பெறுவோர் பட்டியலில் சிறு விவசாயி முதலிடத்தில் இல்லை. ஆனேக்கல், ராமநகரா வட்டாரங்களின் கருங்கல் குன்றுகள் கற்குவாரித் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. ஆற்று மணல் தட்டுப்பாட்டுக்குப் பிறகு பாறையை உடைத்துத் தயாரிக்கும் எம்-சாண்ட் கட்டுமானத்தின் முதுகெலும்பாகிவிட்டது. பெங்களூருவில் எழும் அடுக்குமாடிக் கட்டடம் ஒவ்வொன்றும் எங்கோ ஒரு குன்றின் குறைவுதான். குவாரி வெடிச் சத்தமும், தூசியும், இரவு முழுதும் ஓடும் லாரிகளும் விலங்குகளின் பாதையை மாற்றுகின்றன. கைவிடப்பட்ட குவாரிக் குழி மீண்டும் குன்றாவதில்லை. இயற்கை மீட்சி என்ற சொல்லுக்கு இங்கே ஓர் எல்லை உண்டு: வெட்டிய மரம் முப்பது ஆண்டுகளில் வளரலாம், உடைத்த பாறை வளராது.

உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது?

காடுகள் தொடர்பாக 1995 முதல் நடைபெற்றுவரும் கோதவர்மன் வழக்கில், பாதுகாக்கப்பட்ட ஒவ்வொரு காட்டைச் சுற்றியும் குறைந்தது ஒரு கிலோமீட்டர் சூழல் உணர்திறன் மண்டலம் இருக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் 3 அன்று உத்தரவிட்டது. கேரளத்தின் மலையோர மாவட்டங்களில் கடும் எதிர்ப்பு எழுந்தது. நூற்றாண்டுகளாக மக்கள் வாழும் ஊர்களும் அந்த ஒரு கிலோமீட்டருக்குள் வந்துவிடும் என்பதே அச்சம். மத்திய அரசும் மாநிலங்களும் அணுகியதைத் தொடர்ந்து, 2023 ஏப்ரல் 26 அன்று நீதிமன்றம் தன் உத்தரவைத் திருத்தியது. வரைவு அல்லது இறுதி அறிவிக்கை ஏற்கெனவே வெளியான இடங்களுக்கு ஒரு கிலோமீட்டர் விதி பொருந்தாது என்று கூறியது. அதே வேளையில், தேசியப் பூங்கா, சரணாலயம் ஆகியவற்றின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுரங்கப் பணிகளுக்கு அனுமதி இல்லை என்பதை உறுதிப்படுத்தியது.

பன்னேர்கட்டாவுக்கு இதன் பொருள் என்ன? மண்டலத்தின் அகலம் 100 மீட்டராக உள்ள இடத்திலும், குவாரி ஒரு கிலோமீட்டருக்கு அப்பால்தான் இருக்க வேண்டும். ஆனால் வீட்டுமனைப் பிரிவு, ரிசார்ட், கிடங்கு, மதில் சூழ்ந்த பண்ணை வீடு ஆகியவற்றுக்கு இந்தத் தடை கிடையாது. வணிக விடுதிகளைப் பொறுத்தவரை வழக்கமான விதி, எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் அல்லது மண்டலத்தின் முடிவு, இவற்றில் எது அருகிலோ அதுவரை தடை என்பதாகும். மண்டலம் 100 மீட்டரில் முடிந்தால் தடையும் அங்கேயே முடிகிறது. மீட்டர் கணக்கில் நடக்கும் இந்தச் சண்டை பொதுமக்களுக்கு அற்பமாகத் தோன்றக் காரணம், அதன் விளைவு மீட்டரில் அளக்கப்படாததுதான்.

ராகி முற்றும் காலம்

தென்மேற்குப் பருவமழையில் விதைக்கப்படும் ராகி, ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கதிர் முற்றி அறுவடைக்கு வருகிறது. பன்னேர்கட்டா காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் எல்லை தாண்டி வருவதும் அக்காலத்தில்தான். தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, ஊடேதுர்கம், சானமாவு காடுகள் வழியாக அவை ஓசூர், சூளகிரி வரை பரவுகின்றன. சில வாரங்கள், சில மாதங்கள் தங்கிய பின் வனத்துறையினர் அவற்றை வந்த வழியே திருப்பி அனுப்புகின்றனர். அடுத்த ஆண்டு மீண்டும் அதே காட்சி.

யானைக்கு ராகி ஏன் பிடிக்கிறது என்பதற்கு விடை எளிது. காட்டில் நாள் முழுதும் அலைந்து தின்னும் புல்லைவிட, முற்றிய கதிர் நிறைந்த வயல் குறைந்த உழைப்பில் அதிக ஊட்டம் தருகிறது. காட்டில் உண்ணத்தக்க தாவரம் குறையும்போது இந்தக் கவர்ச்சி இன்னும் கூடுகிறது. இங்கே உண்ணிச்செடியின் பங்கு பெரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலங்காரச் செடியாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அது, இன்று தென்னிந்திய இலையுதிர் காடுகளின் அடிப்பரப்பை மூடிக்கொண்டு புல்லையும் இளங்கன்றுகளையும் வளரவிடாமல் செய்கிறது. வரைபடத்தில் பச்சையாகத் தெரியும் காடு, யானையின் பார்வையில் பாதி வெற்றிடமாக இருக்கக்கூடும்.

ஒரே இரவில் ஒரு பருவத்தின் உழைப்பு மிதிபட்டுப் போகிறது. பயிர் இழப்புக்கு இழப்பீடு உண்டு. ஆனால் காவல் பரணில் விழித்திருந்த இரவுகளுக்கும், படிக்கப் போகாமல் தட்டு அடித்து யானை விரட்டிய பிள்ளைகளின் காலைப் பொழுதுக்கும் எந்த அட்டவணையிலும் விலை இல்லை. மனித உயிரிழப்புகளும் நேர்கின்றன. விரக்தியின் கொடிய வடிவம், வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் பாய்ச்சும் சட்டவிரோத வேலி. 2023 மார்ச் மாதம் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே அத்தகைய வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் உயிரிழந்தன. உடன் வந்த இரண்டு குட்டிகள் தாயின்றி நின்றன. நாடெங்கும் பகிரப்பட்ட அந்தப் படங்களைக் கண்டு வருந்தியவர்களில் பெரும்பாலோர் நகரவாசிகள். வேலி அமைத்தவர் நிலத்துக்கும் நகரத்தின் வளர்ச்சிக்கும் இடையே உள்ள தொடர்பு அப்போது பேசப்படவில்லை.

தடுப்பு முறைகள் பல முயலப்பட்டுள்ளன. அகழிகள் மழையில் தூர்ந்துவிடுகின்றன. யானைகளே கரையைச் சரித்து வழி அமைத்துக்கொள்வதும் உண்டு. சூரிய மின்வேலிக்குப் பராமரிப்பு தேவை. கர்நாடகம் பழைய தண்டவாளங்களைக் கொண்டு வலுவான தடுப்புகளை அமைக்கிறது. தமிழக வனத்துறை ஓசூர் கோட்டத்தில் எஃகுக் கம்பிவட வேலியைப் பயன்படுத்துகிறது. இவை ஓர் ஊரைக் காக்கும். யானைக் கூட்டத்தை அடுத்த ஊருக்குத் திருப்பிவிடவும் செய்யும். ஒரு மாநிலம் அடைக்கும் வழி மற்றொரு மாநிலத்தில் திறக்கும் என்பதால், வேலி எங்கே முடிகிறது என்பது வேலி எங்கே தொடங்குகிறது என்பதைவிட முக்கியமாகிறது.

அல்சூர் ஏரி கற்றுத்தரும் பாடம்

தடுப்பு வளையம் முற்றிலும் மறைந்துவிட்டால் மீட்சிக்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதைக் காண காக்ஸ் டவுன்வாசிகள் பன்னேர்கட்டா வரை செல்ல வேண்டியதில்லை. காக்ஸ் டவுனை ஒட்டிய பகுதி தொட்டிகுண்டா. கன்னடத்தில் குண்டா, குண்டே என்றால் குட்டை. பெயரில் மட்டும் நீர் எஞ்சியுள்ள அந்தப் பகுதியின் வடிகால், அல்சூர் ஏரிக்குள் நீர் கொண்டுவரும் முதன்மைக் கால்வாய்களுள் ஒன்று. மழைநீருக்காக உருவான அந்த வழிகளில் நகரம் நெருங்கி வளர வளரக் கழிவுநீரும் சேர்ந்தது. சுமார் 50 ஹெக்டேர் பரப்புள்ள அல்சூர் ஏரியில் 2016 மார்ச் மாதம் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. தூர்வாருதல், கழிவுநீரைத் திசைதிருப்புதல், நடைபாதை அமைத்தல் எனப் பல சுற்றுகளாகப் பணம் செலவிடப்பட்ட பின்னும், ஏரி தானாகத் தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்ளும் நிலைக்குத் திரும்பவில்லை. கரையை ஒட்டி நாணலும் சதுப்பும் வளர இடமே இல்லை, சாலை வந்துவிட்டது.

ஏரிகளுக்கான இடைவெளியும் இதே போன்ற இழுபறியைக் கண்டது. பெங்களூரு ஏரிகளைச் சுற்றி 75 மீட்டர் கட்டுமானமற்ற பகுதி வேண்டும் எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 மே மாதம் உத்தரவிட்டது. நகரப் பெருந்திட்டத்தில் உள்ள 30 மீட்டரைத் தீர்ப்பாயம் மாற்ற முடியாது என்று கூறி, உச்ச நீதிமன்றம் 2019 மார்ச் மாதம் அதை ரத்து செய்தது. ஏரியோ காடோ, இடைவெளியை முதலில் விட்டுவைப்பது மலிவு. பிறகு மீட்டெடுப்பது பெருஞ்செலவு. நிலம் காலியாக இருக்கும்போது அதைக் காக்க அரசியல் ஆதரவு கிடைப்பதில்லை. கட்டடம் வந்த பிறகு அதை அகற்ற ஆதரவு கிடைப்பதில்லை.

மீட்சி எப்படி நிகழும்?

இயற்கை மீட்சி என்பது மரம் நடுவது மட்டுமன்று. பன்னேர்கட்டா போன்ற காட்டில் முதல் தேவை, துண்டுபட்ட பகுதிகளுக்கு இடையிலான இணைப்பு. பூங்காவின் வடபகுதியையும் தென்பகுதியையும் கரடிக்கல்-மாதேஸ்வரா யானை வழித்தடம் இணைக்கிறது. மிகக் குறுகலான இந்த வழியில் பெரிய கட்டுமானங்கள் சில எழுந்தாலே காடு இரண்டாகப் பிரிந்துவிடும் அபாயம் உண்டு. இத்தகைய வழித்தடங்களுக்குச் சட்ட வலு உண்டு என்பதற்குத் தமிழகமே முன்னுதாரணம். நீலகிரி மாவட்டம் சீகூர் யானை வழித்தடத்தைக் காக்கத் தமிழக அரசு 2010-இல் வெளியிட்ட அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் ஏற்றது. ரிசார்ட் உரிமையாளர்களின் மேல்முறையீட்டை நிராகரித்து உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 14 அன்று அதை உறுதிசெய்தது.

வழக்கு மட்டுமே வழியன்று. கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் எடயரஹள்ளி-தொட்டசம்பிகே வழித்தடத்தில், இந்திய வனவிலங்கு அறக்கட்டளை 25.5 ஏக்கர் தனியார் நிலத்தை விலைகொடுத்து வாங்கி வனத்துறையிடம் ஒப்படைத்தது. விற்க விரும்பியவர்களிடம் சந்தை விலையில் வாங்கப்பட்டதால் மோதல் எழவில்லை. பரப்பு சிறியதுதான், ஆனால் குறுகிய வழித்தடத்தில் 25 ஏக்கர் என்பது திறந்த கதவுக்கும் மூடிய கதவுக்கும் உள்ள வேறுபாடு. பெங்களூரு விளிம்பில் நிலத்தின் விலை சாமராஜநகரைப் போல இல்லை என்பதே இந்த முறையின் இடர்ப்பாடு. தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டும் அந்த விலை ஏறுகிறது.

இரண்டாவது, காட்டின் உள்ளே உணவு வளத்தைப் பெருக்குதல். உண்ணிச்செடியை வேரோடு அகற்றி, உள்ளூர்ப் புல் வகைகள் மீண்டும் தழைக்கச் சில பருவங்கள் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். ஒருமுறை வெட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் அடுத்த மழைக்கே அது முன்னைவிட அடர்த்தியாக வளரும். மாதேஸ்வரன் மலைப் பகுதியில் சோளகர் பழங்குடியினர் உண்ணிச்செடித் தண்டுகளைக் கொண்டு நாற்காலி முதலிய பொருள்களைச் செய்து விற்கின்றனர். களை அகற்றுவதையே வருவாயாக மாற்றிய அந்த முயற்சி, பரப்பில் சிறிதாயினும் திசையில் சரியானது.

மூன்றாவது, சாலை. பெங்களூருவைச் சுற்றிச் சுமார் 280 கிலோமீட்டர் நீளத்தில் அமையும் துணைநகர வட்டச் சாலை ஆனேக்கல், ஓசூர், கனகபுரா, ராமநகரா நகரங்களை இணைப்பது. நெரிசலால் மூச்சுத் திணறும் மாநகருக்கு அது தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் பன்னேர்கட்டா பகுதியில் அதன் தடம் யானைப் பாதைகளைக் குறுக்கிடுகிறது என்ற ஆட்சேபத்தைத் தொடர்ந்து, அங்கு உயர்த்தப்பட்ட சாலையாக அமைக்கும் யோசனை முன்வைக்கப்பட்டது. மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் பகுதியில் தேசிய நெடுஞ்சாலை 44-இன் அடியில் விலங்குகள் கடந்து செல்ல ஒன்பது கட்டமைப்புகள் அமைக்கப்பட்டு, புலி உள்ளிட்டவை அவற்றைப் பயன்படுத்துவது கேமராக்களில் பதிவாகியுள்ளது. எனவே பொறியியலால் இயலாதது என்று ஒன்றில்லை. திட்ட மதிப்பீட்டில் முதலிலேயே அதற்கு இடம் ஒதுக்கப்படுகிறதா என்பதே கேள்வி. மலிவான மாற்றும் உண்டு. பந்திப்பூரில் 2009 முதல் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரையும், சத்தியமங்கலம் திம்பம் மலைப்பாதையில் 2022 முதலும் இரவுப் போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. புறவழிச் சாலையாகவே உருவாகும் ஒன்றுக்கு அத்தகைய தடை நடைமுறையில் பொருந்தாது.

யார் விலை கொடுப்பது?

இங்கிலாந்தில் 2024 பிப்ரவரி முதல் பெரிய கட்டுமானத் திட்டங்களுக்குப் புதிய நிபந்தனை ஒன்று நடைமுறையில் உள்ளது. கட்டுவதற்கு முன் அந்த நிலத்தில் இருந்த இயற்கை வளத்தை மதிப்பிட்டு, கட்டி முடித்த பின் அதைவிடக் குறைந்தது 10 விழுக்காடு கூடுதல் வளத்தை உருவாக்க வேண்டும். அதை 30 ஆண்டுகள் பராமரிக்கவும் வேண்டும். சொந்த இடத்தில் இயலாவிடில் வேறிடத்தில் செய்ய விலை கொடுக்க வேண்டும். 2021-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டம் இதற்கு அடிப்படை. பாதுகாக்கப்பட்ட நிலத்தோற்றங்களில் அரசு அமைப்புகள் பாதுகாப்பு நோக்கத்தை முன்னெடுக்க முயல வேண்டும் என்ற கடமையும் 2023-இல் சட்டமாக வலுப்படுத்தப்பட்டது. அளவிடும் முறை குறித்தும், கண்காணிப்புக் குறித்தும் அங்கும் குறைகள் பேசப்படுகின்றன. ஆனால் இயற்கைக்கு ஏற்படும் இழப்பைக் கட்டுமான நிறுவனம் தன் கணக்கில் எழுத வேண்டும் என்ற கொள்கை சட்டத்தில் ஏறிவிட்டது.

இந்தியாவில் அதற்கு நெருங்கியது ஈடுசெய் காடு வளர்ப்பு. வனநிலம் பிற பயன்பாட்டுக்கு மாற்றப்பட்டால், விண்ணப்பதாரர் பணம் செலுத்த, வேறிடத்தில் மரங்கள் நடப்படும். 2016-இல் இதற்கெனத் தனிச் சட்டமும் வந்தது. இதில் இரண்டு இடைவெளிகள் உள்ளன. நடப்படும் காடு தொலைவில் வேறு மாவட்டத்தில் இருக்கலாம். பன்னேர்கட்டா யானைக்கு அதனால் பயனில்லை. இரண்டாவது, இது வனநிலத்துக்கு மட்டுமே பொருந்தும். பூங்கா எல்லையை ஒட்டிய ராகி வயல் மதில் சூழ்ந்த மனைப் பிரிவாக மாறும்போது சட்டத்தின் பார்வையில் காடு எதையும் இழக்கவில்லை. 20,000 சதுர மீட்டருக்குக் குறைவான கட்டடப் பரப்பு உள்ள திட்டங்களுக்கு 2006-ஆம் ஆண்டு விதிகளின்படி பொதுவாகச் சுற்றுச்சூழல் அனுமதியும் தேவையில்லை. இவ்வாறு சிறு சிறு துண்டுகளாகப் பல நூறு ஏக்கர் மாறினாலும், மொத்த விளைவைக் கணக்கிட எந்த அலுவலகத்துக்கும் பொறுப்பு இல்லை. மண்டலத்துக்கான பெருந்திட்டம் உரிய முறையில் தயாரிக்கப்பட்டால் அந்தப் பொறுப்பை ஏற்கக்கூடிய ஒரே ஆவணம் அதுவாகவே இருக்கும். மண்டலத்துக்கு வெளியே விடப்பட்ட 100 சதுர கிலோமீட்டருக்கு அதுவும் பொருந்தாது.

மண்டலத்தை மீண்டும் விரிவாக்க வேண்டும் என்ற கோரிக்கையோடு, நிலத்தைப் பயிராகவே வைத்திருக்கும் விவசாயிக்கு ஆண்டுதோறும் ஊக்கத்தொகை தரலாம் என்ற கருத்தும் பேசப்பட வேண்டியுள்ளது. மனையாக விற்காமல் இருப்பதால் அவர் இழக்கும் வருவாயின் ஒரு பகுதியையேனும், அந்தக் காட்டின் நீரையும் காற்றையும் பெறும் மாநகரம் ஈடுசெய்யலாம். யானைக்குப் பிடிக்காத மாற்றுப்பயிர்களை அறிவுறுத்துவது எளிது. ஆனால் ராகிக்கு இருக்கும் சந்தையும், கால்நடைக்கு அதன் தாள் தரும் தீவனமும் மாற்றுப்பயிருக்கும் கிடைத்தால்தான் அந்த அறிவுரை செயலாகும்.

எல்லைக்கு இப்புறம் ஓசூரும் வேகமாக வளர்கிறது. ஆண்டுக்கு 3 கோடி பயணிகளைக் கையாளும் வகையில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் அமைக்கப்படும் என 2024 ஜூன் மாதம் தமிழக அரசு அறிவித்தது. மின்னணு, வாகனத் தொழிற்சாலைகள் ஏற்கெனவே ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டைத் திசையில் விரிந்துள்ளன. பெங்களூருவும் ஓசூரும் ஒன்றை நோக்கி ஒன்று வளர்ந்து, நடுவே காடு ஒரு தாழ்வாரமாக எஞ்சும் நிலை உருவாகிவருகிறது. பன்னேர்கட்டா மண்டலம் கர்நாடகத்தின் கோப்பிலும், காவிரி வடக்கு சரணாலயத்தின் சுற்றுப்புறம் தமிழகத்தின் கோப்பிலும் தனித்தனியே இருக்க, அடுத்த ராகிப் பருவத்தில் ஜவளகிரி வனச்சரகப் பணியாளர்கள் வழக்கம்போல இரவுக் காவலுக்குச் செல்வார்கள்.